பல் கூசுகிறதா? பேஸ்ட்டை மாற்றும் முன் நொடியை எண்ணுங்கள்

குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் இடது பக்கம் மேலே எங்கோ ஓரிடத்தில் சுரீரென்று ஏறும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வோம், நாக்கால் அந்த இடத்தைப் பொத்திக்கொள்வோம், நாலு நொடியில் போய்விடும். போனதும் மறந்தும் போய்விடும். அடுத்த வாய்த் தண்ணீரை மட்டும் வலது பக்கமாக விட்டுக் குடிப்போம். பல் கூச்சம் உள்ளவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில் கூட ஓட்டுகிறார்கள். நானும் ஓட்டினேன். தாங்க முடியாமல் போகும்போது 'சென்சிட்டிவ்' என்று அட்டையில் போட்டிருக்கும் பேஸ்ட் ஒன்றை வாங்குவேன், பத்து நாள் தேய்ப்பேன், ஒன்றும் ஆகவில்லையே என்று வேறொன்றுக்குத் தாவுவேன், அதிலும் பத்து நாள்.

பேஸ்ட்டுகள் மேல் தப்பில்லை. எந்தப் பல் கூசுகிறது, எதற்குக் கூசுகிறது, எத்தனை நொடி நிற்கிறது என்ற மூன்றும் தெரியாமல் நான் அவற்றை வாங்கியதுதான் தப்பு. இந்த மூன்றில் ஒன்றைத்தான் கவனிக்க முடியும் என்றால் மூன்றாவதைக் கவனியுங்கள். வெறும் கூச்சமா, பல்லுக்குள்ளே வேறு ஏதோ நடக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க நொடிக்கணக்கை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

முதலில், ஏன் கூசுகிறது

பல்லின் மேல் போர்வை எனாமல். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான், எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. அதற்குள் உயிரணுவும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் எனாமலுக்குக் கூச்சம் தெரியாது. ஆனால் தேய்ந்துபோனால் திரும்ப முளைக்கவும் அதற்குத் தெரியாது. கடைவாய்ப்பல்லின் மேட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு இருக்கும் இந்தப் போர்வை, ஈறை நோக்கி இறங்க இறங்க மெலிந்துகொண்டே வந்து பல்லின் கழுத்தில் ஒன்றுமில்லாமல் முடிந்துவிடும். அதற்குக் கீழே வேர். வேரின் மேல் எனாமல் இல்லை, சிமென்ட்டம் என்கிற மெல்லிய பூச்சு மட்டும்தான். ஈறு மூடியிருக்கும் வரை அந்தப் பூச்சு பத்திரமாக இருக்கும், ஈறு இறங்கிவிட்டால் பிரஷ் பட்டுப் பட்டே போய்விடும்.

இந்த இரண்டுக்கும் அடியில் இருப்பது டென்டின். கண்ணுக்கு மஞ்சளாக, கெட்டியாகத்தான் தெரியும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சல்லடை. வெளிப்பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 நுண்குழாய்கள், நரம்பும் ரத்தமும் இருக்கும் உட்கூழை நெருங்கும்போது 45,000-க்கும் மேல். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம்தான், ஒவ்வொன்றுக்குள்ளும் திரவம். குழாயின் உள்முனையில் நரம்பு காத்துக்கொண்டிருக்கிறது.

குளிர்ச்சி நேராக நரம்பைப் போய்த் தொடுவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை என்று 1960-களில் சோதனைகள் செய்து காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம். குழாய் வாய் திறந்திருந்தால் உள்ளே இருக்கும் திரவம் நகர்கிறது, நரம்பைச் சுண்டுவது அந்த நகர்வுதான். குளிர்ச்சி பட்டால் திரவம் வெளிப்பக்கமாக ஓடும். வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தால் மேற்பரப்பு உலர்ந்து திரவத்தை வெளியே இழுக்கும். இனிப்பும் அப்படித்தான், சர்க்கரைக் கரைசல் வெளியே அடர்த்தியாக இருக்கும்போது உள்ளே இருக்கும் நீர் அதை நோக்கி வரும். நகமோ பிரஷ்ஷோ பட்டாலும் அதே கதை. சூடு மட்டும் திரவத்தை மெதுவாக உட்பக்கம் தள்ளுகிறது, அதனால் சாதாரணக் கூச்சத்தில் சூடு அவ்வளவாகப் படுத்தாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, வழி மூன்று. குழாயின் வாயை அடைக்கலாம், நரம்பைச் சாந்தப்படுத்தலாம், குழாயைத் திறந்துவிட்டது எதுவோ அதை நிறுத்தலாம். கடையில் கிடைப்பது முதல் இரண்டுக்குத்தான். மூன்றாவது இலவசம், அதனாலோ என்னவோ அதை யாரும் செய்வதில்லை.

கண்ணாடி முன் பத்து நிமிடம்

ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர், காது குடையும் பஞ்சுக்குச்சி நாலைந்து, நல்ல வெளிச்சம், ஒரு துண்டுக் காகிதம். கூசாத பக்கத்தில் ஆரம்பியுங்கள், நல்ல பல் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். விரலால் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பஞ்சை ஐஸ் தண்ணீரில் நன்றாக முக்கி உதறி, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஒரே பஞ்சை வைத்து எல்லாப் பல்லையும் தொட்டால் மூன்றாவது பல்லுக்குள் பஞ்சு சூடாகிவிடும், அதனால் அடிக்கடி முக்குங்கள். சுரீர் என்றால் உடனே பஞ்சை எடுத்துவிட்டு எண்ண ஆரம்பியுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. வலி முழுசாக அடங்கும் வரை எண்ணி அந்தப் பல்லுக்கு நேராக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பற்களுக்கு நடுவில் குழப்பம் வந்தால் ஒரு நிமிடம் விட்டுத் திரும்பத் தொடுங்கள்.

அடுத்து, விரல் நகத்தை பல்லின் நடுவில் வைத்து மெதுவாக ஈறை நோக்கி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ஈறுக்குச் சற்று மேலே நகம் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் மாட்டினால் அங்கே பல் கழுத்து தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இடது மேல் கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த பல்லிலும் நகம் மாட்டியது, அதுவும் கோடாலியால் மரத்தில் ஒரு வெட்டுப் போட்ட மாதிரி. இத்தனை நாள் தினமும் கண்ணாடியில் பார்த்த பல்தான், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. ஈறோரத்தில் மட்டும் மஞ்சள் பட்டை தெரிகிறதா, பக்கத்துப் பல்லைவிட ஒன்று மட்டும் நீளமாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பல் வளரவில்லை, ஈறுதான் இறங்கியிருக்கிறது.

கூசும் பல் எது என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. கோரைப்பல்லும் அதை அடுத்த சிறிய கடைவாய்ப்பற்களும், அதிலும் கன்னத்தைப் பார்த்த பக்கம் ஈறோரத்தில், என்றால் வழக்கமான கூச்சம். வலது கையால் தேய்ப்பவர்களுக்கு இடது பக்கம் கூடுதலாக இருந்தால் ஆச்சரியமில்லை, கை வாகு அப்படி, அந்த வளைவில்தான் அழுத்தம் ஏறுகிறது. பெரிய கடைவாய்ப்பல்லின் மேல்தளத்திலோ இரண்டு பல் இடுக்கிலோ இருந்து வருகிறது, அங்கே உணவும் மாட்டுகிறது என்றால் அது சொத்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். மேல் முன்பற்களின் உட்பக்கம், அண்ணத்தைப் பார்த்த பக்கம், வழவழவென்று தேய்ந்து கூசுகிறதா? வயிற்று அமிலம் வாய் வரை வருகிறதா என்று யோசியுங்கள். நெஞ்செரிச்சல், புளியேப்பம், அடிக்கடி வாந்தி உள்ளவர்களுக்குத் தேய்மானம் அந்த இடத்தில்தான் விழும்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது

குளிர்ச்சி பட்டதும் சுரீர், எடுத்ததும் ஓரிரு நொடியில், மிஞ்சிப்போனால் ஐந்தாறு நொடியில் சுத்தமாக நின்றுவிடுகிறது. இது கூச்சம். வேகமாகச் செய்தி கடத்தும் நரம்பிழைகளின் வேலை, கூர்மையாக வரும், சீக்கிரம் போகும். தொடர்ந்து படியுங்கள், உங்களுக்கு வீட்டிலேயே நிறைய வேலை இருக்கிறது.

பஞ்சை எடுத்த பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி தங்குகிறது, கூர்மை போய் மந்தமாக விண் விண்ணென்று துடிக்கிறது என்றால் அது வேறு. உட்கூழ் வீங்கியிருக்கலாம். சூடு பட்டால் வலிக்கிறது, குளிர்ந்த தண்ணீர் வைத்தால் அடங்குகிறது என்றால் இன்னும் மோசம், மேலே சொன்ன கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது பாருங்கள். எதுவும் படாமலே தானாக வருவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புவது, படுத்தால் கூடுவது எல்லாம் இதே ரகம். இதற்குப் பேஸ்ட் கிடையாது. பல் மருத்துவர்தான், அதுவும் இந்த வாரமே.

கடிக்கும்போது இல்லாமல் கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுருக்கென்றால் பல்லில் விரிசலைச் சந்தேகிப்பார்கள். சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப்பற்கள் வரிசையாக வலிக்கின்றன, குனிந்தால் கூடுகிறது என்றால் பல்லே காரணமாக இல்லாமல் சைனஸாக இருக்கலாம். முகம் வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, வாய் திறக்கவில்லை, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நேரத்தைப் பார்க்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, இதில் ஏமாந்தவர்கள் நிறைய. வாரக்கணக்கில் படுத்திய பல் ஒரு நாள் திடீரென்று அமைதியாகிவிடும். குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவோம். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் அப்படித்தான் அமைதியாகும். தங்கும் வலியாக இருந்து தானாக நின்ற பல்லைக் கட்டாயம் காட்டுங்கள்.

உங்கள் கைதான் முதல் குற்றவாளி

சரி, ஐந்து நொடிக் கூச்சம்தான் என்று வைத்துக்கொள்வோம். பிரஷ்ஷை எடுத்து அதன் முடியைப் பாருங்கள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முடியெல்லாம் பக்கவாட்டில் விரிந்து மலர்ந்துவிட்டதா? காரணத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். பிளாஸ்டிக் முடியையே வளைத்த அழுத்தம் ஈறை விட்டுவைக்குமா?

அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை நமக்கு. பல்லின் மேல் படியும் அழுக்குப் படலம் பாயசத்தின் ஆடை மாதிரி மெத்தென்று இருப்பது, அதை எடுக்கத் தடவல் போதும். கெட்டியாகிக் காரையாகிவிட்டால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் பிரஷ்ஷுக்கு வராது. இரண்டு நிலையிலும் அழுத்தத்துக்கு வேலையே இல்லை.

மாற்ற வேண்டியது இவ்வளவுதான். முடி மென்மையான பிரஷ். அதைக் கரண்டிபோல் முஷ்டியில் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடியுங்கள், அப்படிப் பிடித்தால் நினைத்தாலும் அதிகம் அழுத்த முடியாது. முடியை ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, ஒரு பல், ஒன்றரைப் பல் அகலத்துக்குள்ளேயே சின்னச் சின்னதாக அசைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். ரம்பம் அறுப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்கும் பழக்கத்தை விடுங்கள், நகம் மாட்டுகிற பள்ளத்தைப் போடுவது பெரும்பாலும் அதுதான். மொத்தம் இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. எப்போதும் முதலில் தொடங்கும் இடத்தில்தான் நாம் அதிகம் தேய்க்கிறோம், பேஸ்ட் புதிதாக, கை வேகமாக இருக்கும் நேரம் அது. அதனால் கூசும் பல்லைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடது கையால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார் எனக்குப் பார்த்த மருத்துவர். முதல் நாள் பாதிப் பேஸ்ட் முகவாயில் இருந்தது. ஆனால் ஒரு வாரம் அப்படித் தேய்த்த பிறகு வலது கைக்குத் திரும்பியபோதுதான் இத்தனை வருஷம் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தேய்த்திருக்கிறேன் என்று கைக்கே தெரிந்தது.

கூசுகிறதே என்று அந்தப் பல்லை மட்டும் தேய்க்காமல் விடுவதும் நடக்கும். அது தப்பு. அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கும், இறங்கும், கூச்சம் கூடும். தண்ணீர் சில்லென்று இருப்பதுதான் தொல்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கொப்பளியுங்கள்.

அமிலம்

எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு பி.எச். 5.5 வாக்கில் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்). டென்டினும் வேர்ப்பகுதியும் அதைவிடச் சீக்கிரம், 6-க்குக் கொஞ்சம் மேலேயே கரைய ஆரம்பித்துவிடும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2-இலிருந்து 3-க்குள் இருப்பவை. பழச்சாறு, சோடா பானம், ஸ்போர்ட்ஸ் பானம், வினிகர், எலுமிச்சை பிழிந்த தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய ஒரே கட்சி. சர்க்கரை இல்லாத சோடாவில் சர்க்கரைதான் இல்லை, அமிலம் இருக்கிறது.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒரு டம்ளரைச் சாப்பாட்டோடு குடித்து முடிப்பவரைவிட, அதே டம்ளரை மேசையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சிப் சிப்பாக உறிஞ்சுபவருக்குத்தான் சேதம் அதிகம். எச்சில் அமிலத்தைச் சமன்படுத்த அரை மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே எடுத்துக்கொள்ளும், அதற்குள் அடுத்த வாய் உள்ளே போய்விடுகிறது. 'உடம்புக்கு நல்லது' என்று காலையிலிருந்து எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலோடு அலைபவர்களைப் பார்த்தால் எனக்கு அவர்கள் பல்லைப் பற்றித்தான் கவலை வரும்.

குடித்தால் சட்டென்று முடித்துவிடுங்கள், வாய்க்குள் வைத்துக் கொப்பளித்துக் குடிக்காதீர்கள், ஸ்ட்ரா இருந்தால் நாக்குக்குப் பின்னால் போகிற மாதிரி வையுங்கள். முடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காதீர்கள். அமிலத்தில் மேற்பரப்பு இளகியிருக்கும் நேரம் அது, தேய்த்தால் இளகிய பகுதியும் சேர்ந்து போய்விடும். அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். வாந்தி எடுத்த பிறகும் இதே விதிதான். கர்ப்ப கால வாந்தியில் வாயைச் சுத்தம் செய்யத் தோன்றும், நியாயம்தான், ஆனால் பிரஷ்ஷைத் தொடாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பினால் அமிலமும் அடங்கும், வாய்க்கும் ஆறுதல்.

வாய் எப்போதும் வறண்டே இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பே குறைவு. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரைகள் சிலவற்றால் எச்சில் குறையும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங் கம் மெல்வது எச்சிலைக் கூட்டும்.

இப்போது பேஸ்ட்டுக்கு வருவோம்

அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் என்று இருந்தால் அது நரம்பைச் சாந்தப்படுத்தும் ரகம். பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் வேலை செய்யும், இரண்டு வாரம் ஆகலாம், நாலு வாரமும் ஆகலாம், நிறுத்தினால் பலனும் மெல்லப் போய்விடும். நான் பத்து நாளில் தாவினேன் என்றேனே, அது இந்த ரகத்தில்தான்.

ஸ்டானஸ் ஃப்ளோரைடு, 8 சதவீத ஆர்ஜினின், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிக்கேட் என்று இருப்பவை குழாய் வாயை அடைக்கும் ரகம். ஸ்டானஸ் ஃப்ளோரைடால் சிலருக்குப் பல் மேல் லேசான பழுப்புக் கறை படியும், மருத்துவர் க்ளீன் செய்யும்போது போய்விடும். எது சிறந்தது என்று கேட்டால், பல் கழுத்து திறந்திருப்பவர்களுக்கு அடைக்கும் ரகத்தை முதலில் முயலச் சொல்வேன். எதை எடுத்தாலும் ஒன்றை ஒரு மாதம் விடாமல் பயன்படுத்தினால்தான் அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. ஒரு மாதத்துக்கு மேலும் கூச்சம் அப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், இன்னொரு பேஸ்ட்டைத் தேடாதீர்கள்.

பயன்படுத்தும் விதத்தில் இரண்டு விஷயம். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டு நாலு தடவை கொப்பளித்துக் கழுவிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய மருந்து அத்தனையும் வாஷ்பேசினில் போகிறது. முதலில் வாய் பிசுபிசுவென்று இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இரண்டாவது, ராத்திரி படுக்கும் முன், கூசும் பல்லின் கழுத்தில் பட்டாணி அளவில் பாதி பேஸ்ட்டை விரல் நுனியால் வைத்து ஒரு நிமிடம் மெல்லத் தடவிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பஞ்சுக்குச்சி சோதனையில் எழுதி வைத்த காகிதம் இங்கேதான் உதவும், எந்தப் பல் என்று தெரியாமல் எங்கே தடவுவது? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே சோதனையைத் திரும்பச் செய்து நொடியை எழுதினால் பலன் இருக்கிறதா இல்லையா என்பது ஊகமாக இல்லாமல் எண்ணாகவே தெரியும். எனக்கு ஆறு நொடி நாலாவது வாரத்தில் இரண்டானது. முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கூச்சம் இருக்கும் காலத்தில் பல்லை வெளுப்பாக்கும் பேஸ்ட், கரிப் பேஸ்ட், சொரசொரப்பான பற்பொடி எதுவும் வேண்டாம். பலவற்றில் உராய்வு அதிகம். கரியால் பல் வெள்ளையாகத் தெரிவது மேல் கறையை உராய்ந்து எடுப்பதால், எனாமல் தேயத் தேய அடியில் இருக்கும் மஞ்சள்தான் வெளியே வரும். எலுமிச்சைத் தோலால் தேய்ப்பது, உப்பைப் பல்லில் வைத்து அழுத்தித் தேய்ப்பது இரண்டும் இதே கணக்கில் வரும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான், அடிக்கடி வைத்தால் ஈறு புண்ணாகும். வலி மாத்திரையைப் பல்லோரத்தில் அதக்கி வைப்பது மட்டும் கூடவே கூடாது, ஆஸ்பிரின் ஈறை வெந்துபோக வைத்துவிடும்.

தானாகவே போகிற கூச்சம்

சிலதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பல் க்ளீன் செய்த பிறகு கூசும், காரை மூடியிருந்த வேர்ப்பகுதி முதல் தடவையாகக் காற்றைப் பார்க்கிறது, சில நாள், அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். 'க்ளீன் பண்ணித்தான் பல் கெட்டுப்போச்சு' என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது. வெளுப்பாக்கும் சிகிச்சையில் பெராக்ஸைடு எனாமலைத் தாண்டி உள்ளே போவதால் கூசும், அதுவும் நின்றபின் ஒரு சில நாளில் போய்விடும். புதிதாகப் பல் அடைத்த பிறகு கூச்சம் இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். ஆனால் வாய் மூடும்போது அடைத்த பல் மட்டும் முதலில் முட்டுகிறது என்றால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், மேடாக இருக்கும் இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயம் அது.

காலையில் எழுந்ததும் தாடை கனத்திருக்கிறது, பொட்டில் வலி, பக்கத்தில் படுப்பவர் நறநறவென்று சத்தம் கேட்டதாகச் சொல்கிறார் என்றால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள். கடிமேடு தேய்ந்து பளபளவென்று தட்டையாகியிருக்கும். இதற்கு மருத்துவர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்து நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை, செய்து தருவார். பகலில் வேலை மும்முரத்தில் கடிப்பவர்களும் உண்டு. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும், அதுதான் தாடைக்கு இயல்பான ஓய்வு. இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் பற்கள் ஒட்டியிருந்தனவா?

மருத்துவரிடம் போகும்போது

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள். 'எல்லாப் பல்லும் கூசுது டாக்டர்' என்று சொல்வதற்கும் 'மேலே இடது கோரைப்பல், குளிருக்கு மட்டும், ஆறு நொடி, மூன்று மாதமாக' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அவர் காற்று ஊதிப் பார்ப்பார், குளிர்ச்சி வைத்துப் பார்ப்பார், பல்லைத் தட்டிப் பார்ப்பார், எதையாவது கடிக்கச் சொல்வார், தேவைப்பட்டால் எக்ஸ்ரே. சொத்தை, விரிசல், கசிகிற பழைய அடைப்பு, ஈறு நோய் எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் இது வெறும் கூச்சம் என்ற முடிவுக்கு வருவார்.

சிகிச்சையும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போவதுதான் முறை. முதலில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசலாம், வழக்கமான பேஸ்ட்டில் 1,000 முதல் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும் ஃப்ளோரைடு, 5 சதவீத வார்னிஷில் 22,600. பூசிய அன்று சில மணி நேரம் கடினமானதும் சூடானதும் சாப்பிட வேண்டாம் என்பார்கள். அதற்கு மேல் குழாய் வாயை மூடும் திரவங்கள். கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தால் பல் நிறத்திலேயே அடைத்துவிடலாம், எனக்கு ஒரு பல்லுக்கு அதைத்தான் செய்தார்கள், ஊசிகூடப் போடவில்லை. ஈறு ரொம்ப இறங்கியிருந்தால் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டும் அறுவை உண்டு. ரூட் கெனால் கடைசி. உட்கூழ் கெட்டிருந்தால் அது அவசியம், தள்ளிப்போடக் கூடாது. ஆனால் ஐந்து நொடிக் கூச்சத்துக்கு எடுத்த எடுப்பிலேயே ரூட் கெனால் என்று யாராவது சொன்னால், 'எந்தச் சோதனையில் உட்கூழ் கெட்டது தெரிந்தது' என்று கேளுங்கள், இன்னொருவரிடமும் காட்டுங்கள். பள்ளத்தை அடைத்துவிட்டு, தேய்க்கும் பழக்கத்தை மாற்றாமல் விட்டால் அடைத்ததும் இரண்டு மூன்று வருஷத்தில் பெயர்ந்து வந்து நிற்கும்.

குழந்தைகள் 'பல் கூசுது' என்றால் பெரியவர்களின் கூச்சப் பேஸ்ட்டை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டுகளை 12 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது. குழந்தைக்குக் கூச்சம் என்றால் பெரும்பாலும் சொத்தை, இல்லாவிட்டால் ஆறு வயது வாக்கில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் எனாமல் சரியாக உருவாகாமலே வந்திருக்கலாம். அந்தப் பல் கடைசியில் ஒதுங்கி முளைப்பதால் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறோம், விழுந்து முளைக்கிற பல் இல்லை அது. டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளைத் திட்டோ மஞ்சள் பழுப்புத் திட்டோ தெரிந்தால், குழந்தை அந்தப் பக்கம் பிரஷ்ஷையே விடமாட்டேன் என்று அழுதால், அது அடம் இல்லை.